வெள்ளியங்கிரியின் சரிங்க

"கண்ணு, ஒரு நிமிசம் பேசலாங்களா? வேலையா இருந்தீங்கன்னா பொறவு வர்றனுங்க."

மாடிப்படியில் பாதி ஏறி நின்றபடி வெள்ளியங்கிரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. மோனிஷா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பூர் நல்லூரில் அந்த வீட்டின் மாடியில் அவள் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாமா. வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மேல வாங்க."

"பரவால்லீங்க, இங்கயே நிக்கறன். நீங்க கம்பெனில வெளிநாட்டுக்காரனுக்கு இங்கிலீசுல மெயில் போடறீங்கள்ல?"

"ஆமாங்க."

"சரக்குல கோளாறுன்னு அவன் எழுதுவான். நீங்க பதில் எழுதுவீங்க."

"எழுதுவங்க. பெரும்பாலும் மன்னிப்புத்தானுங்க."

"அதைத் திருப்பி எழுதறது எப்பிடிங்க? கோளாறுன்னு நாம சொல்றாப்பல. கோபமாவும் இருக்கக் கூடாது, காரு ரிப்பேர் பண்றவரு மனசும் நோகக் கூடாது. ஆனா காரு சரியாகோணும்."

மோனிஷா பதில் சொல்வதற்குள் கீழே வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ஒச்சாயியின் குரல் வந்தது.

"ஏ மோனி, அந்த மனுசன் பேச்சக் கேட்டு மனசு நோகாம எழுதிப்புடாத. நோகுற மாதிரியே எழுது."

"சரிங்க" என்றார் வெள்ளியங்கிரி, படிக்குக் கீழே பார்த்து.

"பாத்தியா. எனக்கும் சரிங்கறாரு."

மோனிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அவங்க ரிப்பேரே பண்றதில்லையாங்க மாமா?"

"பண்ணாம என்னங்க. பாவம், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு மாத்தறாங்க. மாத்தினது நல்லாத்தான் இருக்குது. வண்டிதான் தாராபுரம் தாண்ட மாட்டீங்குது."

"நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"சொன்னனுங்க. பாத்துட்டு, ரெடின்னாங்க. சரிங்கன்னு எடுத்துட்டு வந்துட்டன்."

"அப்புறம்?"

"மறுக்காவும் நின்னு போச்சுங்க."

எழுதித் தருவதாக மோனிஷா சொன்னாள். அவர் இரண்டு கைகளையும் லேசாகச் சேர்த்துவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

வெள்ளியங்கிரி குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாவது முடித்த கையோடு திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் துணி விரிக்கச் சேர்ந்தார். நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேரும்வரை கையால் நீவி விடுகிற வேலை அது. பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இழுத்து விரித்தவன் வெட்டிய சட்டை ஒரு பக்கம் குட்டையாகப் போகும். வெள்ளியங்கிரி எதையும் இழுக்கிற ஆள் இல்லை. துணி தானாகப் படியட்டும் என்று நிற்பார். அந்தப் பொறுமையே அவரைக் கட்டிங் மாஸ்டர் ஆக்கியது. அதே பொறுமை அவரைப் படுத்திய பாடும் உண்டு.

அந்தக் கம்பெனியின் செக்கிங் மேசையில்தான் ஒச்சாயி இருந்தார். உசிலம்பட்டியிலிருந்து அத்தை குடும்பத்தோடு பிழைக்க வந்த பெண். வாய் கொஞ்சம் அதிகம். மாஸ்டர் வெட்டிய துணியில் ஓட்டை இருந்தால் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இந்தச் சன்னல யாரு வச்சது" என்று ஹால் முழுக்கக் கேட்பார். வெள்ளியங்கிரி போய், "குடுங்க, மாத்தித் தர்றனுங்க" என்பார். ஒச்சாயியை அதற்கு முன் யாரும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. கேலி செய்கிறான் என்று முதலில் நினைத்து ஒரு வாரம் முறைத்தார். அது கேலி இல்லை, அந்த ஆள் பேச்சே அப்படித்தான் என்று தெரிந்தபோது, அவருக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியாமல் போயிருந்தது.

கல்யாணம் ஆனது. குன்னத்தூரில் சில வருடங்கள் அவர்களோடு யாரும் பேசவில்லை. உசிலம்பட்டியிலிருந்து பத்துப் பேர் பார்க்க வந்தார்கள், சண்டைக்கென்றே கிளம்பி வந்ததாகத்தான் கேள்வி. வெள்ளியங்கிரி எல்லோருக்கும் செம்பில் தண்ணீர் மொண்டு தந்துவிட்டு, அடுப்படியைப் பார்த்து, "ஏனுங்க, இவியளுக்கு எல போடலாங்களா" என்று மனைவியைக் கேட்டார். வந்தவர்களில் ஒருவர், "என்னய்யா, பொண்டாட்டிக்குப் பயமா" என்றார். ஒச்சாயியின் அம்மா அவரைக் கையமர்த்தினார். "பயமோ மருவாதியோ, எம்புள்ள நல்லாருக்கா. உக்காந்து சோத்தத் தின்னுங்க."

அன்றிலிருந்து அந்த அம்மாவை வெள்ளியங்கிரியும் ஆத்தா என்றே கூப்பிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒரு சொல் கேட்காதவரும் ஆத்தா ஒருவர்தான். வருடத்துக்கு இரண்டு தடவை பஸ் மாறி மாறி உசிலம்பட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள், ஒச்சாயிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகும்வரை. இனி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு தூரப்பயணம் கூடாது, படுத்தபடிதான் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் வெள்ளியங்கிரி ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். கிளட்ச்சை விடுங்க என்று சொல்லித் தந்தவர் கத்துவார். சரிங்க என்பார். கால் அங்கேயே இருக்கும். எப்படியோ லைசென்ஸ் வாங்கி, கை மாறிய பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, பின்சீட்டில் மெத்தை விரித்தார்.

அதே சமயத்தில் ஆத்தா வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். பிறகு மெல்ல மெல்ல ஞாபகம் தப்பத் தொடங்கியது. போனில் முதலில், "எப்பத்தா வர்ற" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு, "யாரு பேசுறது" என்றார். சொன்னால் புரிந்துகொண்டு அழுவார். அடுத்த வாரம் மறுபடி, "யாரு பேசுறது."

மோனிஷாவுக்கு அந்தக் காரின் அவசரம் புரிந்தது இதைக் கேட்ட பிறகுதான். ஒச்சாயி, தான் மகளென்று ஆத்தாவுக்குத் தெரிகிற நாட்களுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அந்த நாட்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கார் தாராபுரம் தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, முன்னால் ஆவி கிளம்பி, நின்றுவிடுகிறது. ஒச்சாயி பின்சீட்டில் வியர்த்துப் படுத்திருப்பார். வெள்ளியங்கிரி கதவைத் திறந்து துண்டால் விசிறுவார். தாராபுரத்தில் தமீம் என்ற மெக்கானிக் வந்து இழுத்துப் போவார். அங்கிருந்து திருப்பூருக்குத்தான் திரும்ப முடியும், உசிலம்பட்டிக்கு இல்லை.

பொங்கலூர் பக்கம் இருந்த சர்வீஸ் சென்டரின் முதலாளி மகுடேஸ்வரன். அவரும் இந்த ஊர்க்காரர்தான், இதே மரியாதைதான். முதலில் ஹோஸ் மாற்றினார். அடுத்து ரேடியேட்டர். அதற்கடுத்து வாட்டர் பம்ப். ஒவ்வொரு தடவையும் பல்லடம் வரை ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவ்வளவு தூரத்துக்கு அது சூடாகாது. ஆகவே அவர் கணக்கில் வண்டி சரியாகிவிட்டது.

"இஞ்சின் தலையைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கன்னு தாராபுரத்துல தமீம் சொன்னாருங்க" என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் வெள்ளியங்கிரி சொன்னார்.

"அதை மகுடேஸ்வரன் அண்ணன்கிட்டச் சொன்னீங்களா மாமா?"

"அதெப்பிடிங்க சொல்றது. அவரு தொழில்ல அவருக்குத் தெரியாதுங்களா. நான் துணி வெட்டறப்ப ஒருத்தர் வந்து கத்திரி புடிக்கச் சொல்லித் தந்தா எனக்கு எப்பிடி இருக்கும்."

மோனிஷா முதலில் எழுதிய புகாருக்கு மகுடேஸ்வரனிடமிருந்து பணிவான பதில் வந்தது. வண்டி முழுமையாகச் சரிசெய்யப்பட்டு, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு ஒப்படைக்கப்பட்டது என்றிருந்தது. அடுத்து நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாள். அங்கிருந்து வெள்ளியங்கிரிக்கே போன் வந்தது. வண்டி ஓடும் நிலையில் கொடுக்கப்பட்டதாகச் சர்வீஸ் சென்டர் சொல்கிறது, புகாரை முடித்துக்கொள்ளலாமா என்று ஒரு பெண் முறையாகக் கேட்டார். சரிங்க என்றார் இவர். புகார் முடிந்தது.

"மாமா, எதுக்குச் சரின்னு சொன்னீங்க?"

"அந்தப் புள்ள அவ்வளவு தன்மையாக் கேட்டுதுங்க கண்ணு. கேக்கறதைக் கேட்டுக்கிட்டன். அவ்வளவுதான்."

மோனிஷாவுக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் ஆபீசில் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் அனுப்பிய மெயிலுக்கு வழக்கம்போல 'நோட்டட்' என்று ஒற்றைச் சொல்லைத் தட்டிவிட்டு, அதை அனுப்பாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. படித்தேன், அவ்வளவுதான். பக்கத்துக் கோபிச்செட்டிபாளையத்துக்காரியான அவளும் ஒரு நாளைக்குப் பத்து முறை இங்கிலீஷில் சரிங்க சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அதன் பிறகு அவள் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தாள். வக்கீல் இல்லாமலே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம். சேவையில் குறைபாடு என்று காட்ட வேண்டும், இரண்டு வருடங்களுக்குள் போட வேண்டும். வேறொரு மெக்கானிக்கின் எழுத்து இருந்தால் பலம். தமீமிடம் போனில் கேட்டாள். "அண்ணனுக்காகத் தர்றேம்மா. ரோட்டுல நின்னு அந்த அக்காவுக்கு விசிறிக்கிட்டு இருந்தாரு, அது எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்கு" என்று தன் கடைத்தாளில் எழுதி அனுப்பினார்.

மனுவை மோனிஷா இங்கிலீஷில்தான் எழுதினாள், கம்பெனிப் பழக்கம். பிறகு கீழே போய், அவர்கள் இருவருக்கும் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள். ஒச்சாயி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"இதனால் மனுதாரர் கடுமையான மன உளைச்சலுக்கு ஆளானார்…"

"மனுதாரர்னா யாருங்க கண்ணு?"

"நீங்கதான் மாமா."

"எனக்கு உளைச்சல் ஒண்ணுமில்லைங்களே. ரோட்டுல நின்னப்ப எனக்கு வெயில் மட்டுந்தான். உளைச்சல் இவியளுக்குங்க."

"எனக்கென்ன உளைச்சல்" என்றார் ஒச்சாயி. "முதுகு வலி." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கம்மா என்னய மறந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு சொல்லுவீகளே, அத எழுது."

இங்கிலீஷில் மோனிஷாவுக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. அந்த வரியைத் தமிழிலேயே எழுதினாள். தமிழில் எழுதிப் பார்த்ததும் முழு மனுவையுமே தமிழில் மாற்றினாள். காசு கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் இல்லை, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பலனை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. இரண்டாம் மனுதாரராக ஒச்சாயியின் பெயரைச் சேர்த்தாள்.

"என் பேரையுமா போட்ட?" என்று ஒச்சாயி எழுந்து உட்கார்ந்தார். "அப்ப நானும் பேசலாமா?"

"பேசலாங்க அத்தை."

"அவ்வளவுதானுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "மகுடேஸ்வரன் அண்ணன் பாடு பாவம்."

மனு ஏற்கப்பட்டு, நோட்டீஸ் போய், மகுடேஸ்வரன் தரப்புப் பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் அவரவர் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ஆத்தா போனில் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒச்சாயியின் தம்பி மனைவி போனை அவர் காதருகே வைப்பார். ஒச்சாயி இங்கிருந்து அன்று வைத்த குழம்பைப் பற்றி, மழை வந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசம் பேசலாம் என்று ஆணையத்தில் கேட்டார்கள். மகுடேஸ்வரன் உடனே ஒத்துக்கொண்டார். வெள்ளியங்கிரி சரிங்க என்றார். மோனிஷா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இது நெசமாலுமே சரிங்க கண்ணு" என்றார்.

சமரசப் பேச்சை நடத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், அனுபவப்பட்ட வழக்கறிஞர். சின்ன அறை, ஒரு மேசை. ஒச்சாயிக்கு மட்டும் சாய்வான நாற்காலி தேடிப் போட்டார்கள். மகுடேஸ்வரன் வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று ஒச்சாயியின் உடம்பை விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்தார்.

"நான் பொய் சொல்றேன்னு நினைச்சுக்கக் கூடாதுங்கம்மா. அண்ணன்கிட்டக் கேக்காம நான் வண்டியக் குடுத்ததில்ல. இதைக் கேளுங்க."

போனில் பதிவாகியிருந்த அவர் குரலும் வெள்ளியங்கிரியின் குரலும் மாறி மாறி வந்தன.

"அண்ணா, வண்டி ரெடிங்க."

"சரிங்க."

"பம்ப் மாத்தியாச்சுங்க. இனிப் பிரச்சனை வராதுங்க."

"சரிங்க."

"திருப்திதானுங்களா?"

"சரிங்க, சரிங்க."

சமரசம் பேசிய அம்மா வெள்ளியங்கிரியைப் பார்த்தார். "திருப்தியான்னு கேட்டிருக்காரு. நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்களே ஐயா."

"ஆமாங்கம்மா."

"அப்போ அன்னைக்கு நீங்க ஒத்துக்கிட்டதாத்தானே ஆகுது?"

"சரிங்க."

ஒச்சாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலிக்கும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"பாத்தீகளாம்மா. இப்ப ஒங்களுக்கும் சரின்னுட்டாரு. ஒத்துக்கிட்டாருன்னு எழுதுனீகன்னா எங்க வழக்கு இதோட முடிஞ்சுபோச்சு."

"பின்ன எப்படி எடுத்துக்கறது?"

"எங்கூருல சரின்னா சரிதாம்மா. இந்த ஊருல சரிங்கன்னா, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். வாக்கப்பட்டு வந்து அது வெளங்கவே எனக்கு ரொம்ப வருசமாச்சு. வீட்டுக்குப் பச்சப் பெயின்ட் அடிப்போமான்னேன். சரிங்கன்னாரு. கோழி வளப்போமான்னேன். சரிங்கன்னாரு. போய்ப் பாருங்க, வீடும் வெள்ளையாத்தான் இருக்கு, கோழியும் இல்ல."

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த அம்மா சிரிக்காமல் மகுடேஸ்வரன் பக்கம் திரும்பினார். "நீங்களும் இந்த ஊர்தானே. உங்க வீட்டுல ஏதாவது கேட்டு, நீங்க சரிங்கன்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்?"

மகுடேஸ்வரன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் வெள்ளியங்கிரி அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுக்கிட்டன்னு அர்த்தமுங்க" என்றார் கடைசியில்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி ஐயா. கேட்டுக்கிட்டதெல்லாம் போதும். உங்களுக்கு என்ன வேணும்? அதை நீங்களே சொல்லுங்க."

மனுவில் செலவைத் திருப்பித் தர வேண்டும், நஷ்டஈடு வேண்டும் என்றெல்லாம் மோனிஷா எழுதியிருந்தாள். அதைத்தான் அவர் சொல்லுவார் என்று நினைத்தாள். வெள்ளியங்கிரி மேல்சட்டையின் ஓரத்தை நீவி நீவி நேராக்கினார்.

"அண்ணன் ஒரு நாள் எங்ககூட வண்டில வரோணுங்க. உசிலம்பட்டி வரைக்கும். நல்ல வெயில்ல."

"நானுங்களா?" என்றார் மகுடேஸ்வரன்.

"பல்லடம் வரைக்கும் ஓட்டினா அது நல்லாத்தான் ஓடுதுங்க. உங்க கண்ணுல கோளாறே படல, நீங்க எப்பிடி நம்புவீங்க. நாந்தான் தப்பா ஓட்டறனோன்னு எனக்கே சில சமயம் தோணுது. நீங்க முன்சீட்டுல உக்காந்து தாராபுரம் தாண்டிப் பாத்துட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போயிரும்."

"எதுக்குங்கண்ணா அவ்வளவு தூரம். நானே ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்தர்றனுங்க."

"இல்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி.

குரல் உயரவில்லை. ஆனால் அதன் பின்னால் வழக்கமாக வருகிற பரவால்லீங்க வரவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு மறுப்பை மோனிஷா முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். ஒச்சாயி சிரிப்பதை விட்டுவிட்டுப் புருஷனின் முகத்தையே பார்த்தார்.

அப்படியே உடன்படிக்கையில் எழுதப்பட்டது. வண்டியைத் தன் செலவில் சரிசெய்து, சர்வீஸ் சென்டர் உரிமையாளர் தாமே உடன் பயணித்து உசிலம்பட்டி வரை சென்று திரும்ப வேண்டும். வழியில் நின்றால், மனுதாரர் விரும்பும் இடத்தில் உரிமையாளர் செலவிலேயே பழுதுபார்க்க வேண்டும், இதுவரை வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நான் எழுதினதில்ல" என்றார் அந்த அம்மா, தாளை உலர விட்டபடி.

அந்த வெயிலில் தானே உட்கார்ந்து போக வேண்டும் என்றான பிறகு மகுடேஸ்வரனுக்குப் பல்லடம் வரை ஓட்டிப் பார்ப்பதில் நம்பிக்கை போய்விட்டது. தமீமை அவரே போனில் கூப்பிட்டார். இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இஞ்சின் தலையக் கழட்டிப் பாத்தங்கண்ணா. வளைஞ்சிருக்குது. நடுவுல வைக்கிற கேஸ்கெட்டு கருகிப் போயிருக்குதுங்க. தூரம் போய்ச் சூடானாத்தான் தெரியும். நான் மொதல்லயே கழட்டியிருக்கோணும். மேலால மேலாலயே பாத்துட்டு இருந்துட்டன்."

"சரிங்க" என்றார் வெள்ளியங்கிரி.

உள்ளேயிருந்து ஒச்சாயி கேட்டார். "இது எந்தச் சரிங்க?"

"மன்னிச்சுட்டன்னு சொல்றனுங்க" என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். மகுடேஸ்வரன் அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

அவர்கள் கிளம்பிய அன்று மோனிஷாவுக்கு ஷிப்மென்ட் இருந்தது, லீவு கிடைக்கவில்லை. பின்சீட்டு மெத்தையில் ஒச்சாயி புதுச்சேலையில் படுத்திருந்தார். ஆத்தாவுக்குப் பிடிக்கும் என்று மரகதப் பச்சையில் தேடி எடுத்த சேலை. முன்சீட்டில் மகுடேஸ்வரன் மடியில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் போல நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருந்தார்.

தாராபுரம் தாண்டியதும் வெள்ளியங்கிரி போன் செய்தார். "முள்ளு அப்பிடியே நிக்குதுங்க கண்ணு. தமீம் ரோட்டோரம் நின்னு கை காட்டினாரு." ஒட்டன்சத்திரத்தில் மறுபடி. "அண்ணன் கேன மடியில இருந்து எறக்கிட்டாருங்க." செம்பட்டியில் ஒச்சாயியே போனை வாங்கி, "மோனி, இந்தாளு முன்னால உக்காந்து முள்ளையே பாக்குறாரு, எங்க வீட்டு ஆளு ரோட்டப் பாக்குறாரா இல்லையான்னு எனக்குப் பயமா இருக்கு" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை மோனிஷா கேட்டதில்லை. வத்தலக்குண்டு தாண்டிய பிறகு போன் வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. அவளாகக் கூப்பிடவும் கூச்சமாக இருந்தது. மெயில்களுக்கு நடுவே போனை எடுத்து எடுத்து வைத்தாள். வெயில் சாய்கிற நேரத்தில்தான் மணி அடித்தது. தையல் மெஷின்களின் சத்தத்துக்குத் தப்பி, கம்பெனியின் பின்பக்க மாடிப்படிக்கு ஓடிப்போய் எடுத்தாள்.

"வந்து சேந்துட்டங்க கண்ணு. வண்டி எங்கயும் நிக்கல. மகுடேஸ்வரன் அண்ணனுக்குக் கறிச்சோறு போட்டு, பாய விரிச்சுக் குடுத்திருக்காங்க. தூங்கறாரு."

"அத்தை?"

அந்தப் பக்கம் அவர் எங்கேயோ நடந்து போகிற சத்தம் கேட்டது. வீட்டை விட்டுத் தள்ளி வந்து நின்றார் போலும்.

"உள்ள ஆத்தா பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஆத்தா இவிய கன்னத்தத் தடவிப் பாத்துச்சுங்க. தடவிட்டு, 'எந்த ஊரு தாயி'ன்னு கேட்டுச்சு."

மோனிஷா படியில் உட்கார்ந்தாள்.

"இவிய திருப்பூருன்னாங்க. 'அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்த, சாப்பிட்டியா'ன்னு கேட்டுச்சு ஆத்தா. சாப்பிடல, நீ ஊட்டிவிடுன்னாங்க இவிய. ஆத்தாவுக்குக் கை தூக்க முடியறதில்லைங்க. இருந்தாலும் ஒரு வாய் எடுத்துக் குடுத்துச்சு. யாருக்குக் குடுக்கறம்னு தெரியாமத்தான். இவிய வாங்கிச் சாப்பிட்டாங்க. அப்பறம் ஒண்ணுமே பேசல. ஆத்தா தூங்கியும் கைய விடாம புடிச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"நாளைக்கு வந்துருவீங்களா மாமா?"

"வெயில் ஏறுறதுக்கு முன்னால கெளம்பிருவமுங்க. கண்ணு, நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை செய்யோணும்."

"சொல்லுங்க மாமா."

"இவிய வந்து எறங்கறப்ப, ஆத்தா எப்பிடி இருக்காங்கன்னு கேட்டறாதீங்க. வண்டி எப்பிடி ஓடுச்சுன்னு மட்டும் கேளுங்க. தாராபுரத்துல இருந்து ஒவ்வொரு ஊராச் சொல்லுவாங்க. பாதியில எந்திரிச்சுப் போயிராம, உசிலம்பட்டி வர்ற வரைக்கும் உக்காந்து கேளுங்க."